பத்தில் தொடங்கும் அளவுகோல்

ஃபோம் போர்டு பார்க்கத்தான் சாது. இரண்டு பக்கமும் வழவழப்பான தாள், நடுவில் வெள்ளை நுரை, மொத்தம் ஐந்து மில்லிமீட்டர் தடிமன். ஒரு முழுப் பலகையை ஒற்றை விரலில் தூக்கிவிடலாம். ஆனால் அதில் கத்தியை வைத்துப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும். மேல்தாள் வழிவிடும், நுரை பிடித்துக்கொள்ளும். கத்தி கொஞ்சம் மழுங்கியிருந்தால் போதும், நுரை பிய்ந்து பல் பல்லாக நிற்கும். அதைச் சுத்தமாக வெட்டுவதற்குத் தனி மணிக்கட்டு வேண்டும். அண்ணிக்கு அந்த மணிக்கட்டு இருந்தது.

இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இனிமேல் எழப்போகிற கட்டடங்களை முன்கூட்டியே அட்டையில் சின்னதாகச் செய்து காட்டுவது அவள் தொழில். மாடியில் ஒற்றை அறை, அதில் ஒரு பெரிய மேசை, மேற்கே பார்த்த ஜன்னல். அந்த மேசையில் அவள் வெட்டிய ஜன்னல்களுக்குக் கணக்கே கிடையாது. வெட்டி வெட்டி வலது கட்டைவிரலின் அடியில் தசைநார் வீங்கி, கடைசியில் ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது. கட்டுப் போட்டு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “கட்டு பிரிச்சப்புறம் எழுதலாம், துவைக்கலாம், தலை சீவலாம். கத்தி மட்டும் பிடிக்காதீங்க. இப்போ மட்டும் இல்ல, இனிமே எப்பவுமே.”

அதே வாரத்தில்தான் வரைபடக்காரர் வந்தார். கட்டடங்களுக்குப் படம் போடுகிறவர், பல வருடங்களாக அவளிடமே வேலை கொடுக்கிற மனிதர். ஒரு நூலகம், மூன்று மாடி, நான்கு பக்கமும் ஜன்னல். அவள் கைக்கட்டைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேம்மா. முடியலன்னா ஒரு வார்த்தை சொல்லிடுங்க, வேற இடத்துல கொடுத்துக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் அன்பாகச் சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒருமுறை வேறு இடத்துக்குப் போன வேலை திரும்பி வராது என்பது அவளுக்குத் தெரியும். வேலை இல்லாவிட்டால் அந்த மேசைக்கும் அறைக்கும் அர்த்தமில்லை. பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் தன் டிப்போவில் டிக்கெட் கவுன்டருக்கு ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். “உட்கார்ந்த இடத்துல வேலை. கைக்கு ஒரு கஷ்டமும் இல்ல,” என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் நாத்தனார் ஒரு மூட்டையை மாடிப்படியில் தடதடவென்று இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். வீட்டுக்காரரின் தங்கை அவள். பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கிற கடையில் வேலை.

“என்னடி இது, பிணத்தை இழுத்துட்டு வர்ற மாதிரி?”

“பிணம்தான் அண்ணி. மூணு பிரிண்டர், ஒரு ஸ்கேனர். உயிர் போயிடுச்சு, ஆனா உடம்பு கல்லு மாதிரி இருக்கு. இதை வச்சு உங்களுக்கு ஒரு கை பண்ணப்போறேன்.”

“எனக்குக் கை இருக்கு. ஒண்ணு கட்டுல இருக்கு, அவ்வளவுதான்.”

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். “நாத்தனாரும் அண்ணியும் ஒரே அறையில சண்டை போடாம இருக்கீங்களே, இதைவிடவா ஒரு அதிசயம் வரப்போகுது?”

“நீ பஸ்ஸை நேரா ஓட்டுண்ணா. இங்க நாங்க பாத்துக்கிறோம்,” என்றாள் தங்கை.

மூட்டையைப் பிரித்தார்கள். திருகுகளைக் கழற்றக் கழற்ற உள்ளிருந்து பளபளவென்று எஃகுத் தண்டுகள், பல் வைத்த ரப்பர் பெல்ட்டுகள், உள்ளங்கையில் அடங்குகிற மோட்டார்கள். தூக்கி எறிந்த பொருளுக்குள் இவ்வளவு நேர்த்தி இருக்கும் என்று அண்ணி நினைத்ததே இல்லை. தண்டில் விரலை ஓட்டிப் பார்த்தாள். இடது விரல்தான். வழுக்கிக்கொண்டு போனது.

“பிரிண்டர் என்ன பண்ணுது? மை கொட்டுற தலை இடமும் வலமும் போகுது. காகிதம் முன்னால போகுது. இந்த ரெண்டு நடை தெரிஞ்சா போதும் அண்ணி, அட்டையில எந்தப் புள்ளிக்கும் போயிடலாம்.”

“நேரா போகலாம். வளைவு எப்படி வரும்?”

நாத்தனார் மேசையில் ஒரு காகிதத்தை வைத்தாள். அண்ணியின் இடது கையில் பென்சிலைக் கொடுத்தாள். “நீங்க இடம் வலமா மட்டும் போங்க. நான் காகிதத்தை என் பக்கம் இழுத்து, திரும்ப உங்க பக்கம் தள்ளுறேன். வட்டம் வரையுறோம்.”

அண்ணி கோடுதான் போட்டாள், நேர்க்கோடு. அடியில் காகிதம் நகர்ந்தது. அவள் வேகம் குறைய இவள் வேகம் கூட்டினாள். இவள் நிறுத்த அவள் ஓடினாள். கையை எடுத்துப் பார்த்தபோது காகிதத்தில் ஒரு வளைவு தன்னைத்தானே வந்து சந்தித்திருந்தது.

“இது வட்டமா, உருளைக்கிழங்கா?” என்றாள் அண்ணி.

“நீங்களும் நானும் போட்டா உருளைக்கிழங்கு. மோட்டார் போட்டா வட்டம்.”

அண்ணி சிரித்தாள். ஆனால் காகிதத்தைக் கசக்கிப் போடவில்லை. இருவருமே வளைவாக எதையும் செய்யவில்லையே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரப்பலகையில் தண்டுகளைப் பதித்தார்கள். நீளவாட்டுக்கு ஒரு மோட்டார், குறுக்குவாட்டுக்கு ஒன்று. பிறகு வயர் வேலை. இந்த வகை மோட்டார் கரன்ட் கொடுத்ததும் விர்ரென்று சுழன்றுவிடாது. உள்ளே இரண்டு கம்பிச்சுருள்கள். மாற்றி மாற்றிக் கரன்ட் கொடுத்தால் அடி அடியாக, எண்ணி எண்ணித் திரும்பும். நான்கு வயர் வெளியே வரும். எந்த இரண்டு ஒரு ஜோடி என்று தெரியாமல் இணைத்தால் மோட்டார் நடுங்குமே ஒழிய நகராது. ஸ்கேனர் மோட்டாரில் நான்கு வயரும் ஒரே சாம்பல் நிறம்.

“மீட்டர் இல்லாமயே கண்டுபிடிக்கலாம். இந்தத் தண்டைத் திருப்புங்க,” என்றாள் நாத்தனார். அண்ணி இடது விரல்களால் திருப்பினாள். லேசாகத் திரும்பியது. நாத்தனார் இரண்டு வயர் நுனிகளைச் சேர்த்து முறுக்கினாள். “இப்போ?”

“அதே மாதிரிதான் இருக்கு.”

வேறு இரண்டைச் சேர்த்தாள். “இப்போ?”

அண்ணி திருப்பினாள். தண்டு மறுத்தது. உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டதுபோல் கடினமாக, தடக் தடக்கென்று எதிர்த்தது. அவள் விரலை எடுத்துவிட்டாள்.

“கரன்ட் கொடுத்திருக்கியா?”

“பிளக்கைப் பாருங்க. தரையில கிடக்கு.”

“அப்புறம் யாரு பிடிக்கிறா?”

“நீங்கதான். உள்ள காந்தம் இருக்கு. நீங்க திருப்பினா பக்கத்துல இருக்கிற சுருள்ல கரன்ட் பிறக்குது. நுனி திறந்து கிடந்தா அதுக்குப் போக வழி இல்ல. சேர்த்துட்டா சுத்தி வருது. சுத்தி வந்த கரன்ட் அந்தச் சுருளையே காந்தமாக்கி, உங்களைத் தடுக்குது. ஜோடி இதுதான்னு அதுவே சொல்லுது.”

அண்ணி தன் இடது கைவிரல்களைப் பார்த்தாள். பென்சில்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாத விரல்கள். நுனிகளைப் பிரிக்கச் சொல்லித் திருப்பினாள். சேர்க்கச் சொல்லித் திருப்பினாள். மீதி மோட்டார்களுக்கு நிற வயர்கள் இருந்தன, சோதிக்கத் தேவையே இல்லை. இருந்தாலும் ஒவ்வொன்றையும் வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்த பிறகே திருப்பிக் கொடுத்தாள்.

வெட்டுவதற்குக் கத்தி இல்லை, ஊசி. பழைய டிரில்லிங் மெஷினின் மோட்டார் முனையில் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பேரிங். அதில் ஒரு துண்டு கிட்டார் கம்பி. மோட்டார் சுழலும்போது கம்பி மேலும் கீழுமாகக் குத்தும், தையல் மெஷின் ஊசி மாதிரி, ஆனால் அதைவிடப் பல மடங்கு வேகமாக. ஒவ்வொரு குத்தும் மயிரிழை அகலம். குத்துகள் நெருங்கி நெருங்கி விழுவதால் கோடாகிவிடுகிறது. கத்தி நுரையைப் பக்கவாட்டில் இழுக்கும். ஊசி இழுக்காது, குத்திவிட்டு வந்துவிடும். அதனால் பல் விழாது. ஒரு இடம் முடிந்ததும் ஊசியைத் தூக்கி அடுத்த இடத்தில் இறக்க ஒரு குட்டி மோட்டார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. மெஷினுக்கு மில்லிமீட்டர் தெரியாது, தான் எடுத்துவைக்கிற அடி மட்டும்தான் தெரியும். எத்தனை அடி வைத்தால் ஒரு மில்லிமீட்டர் என்று நாம் சொல்லித்தர வேண்டும். வெவ்வேறு பிரிண்டரிலிருந்து வந்த பெல்ட்டுகள் என்பதால் அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. லேப்டாப்பிலிருந்து நூறு மில்லிமீட்டர் போ என்று சொல்லி, போன தூரத்தை அளந்து, எண்ணைத் திருத்தி, மறுபடி அளக்க வேண்டும். நாத்தனார் அண்ணியின் எஃகு ஸ்கேலை எடுத்தாள்.

“பூஜ்யத்துல வைக்காதே. அந்த முனை தேஞ்சுபோச்சு. பத்துலதான் வைக்கணும்,” என்று குரல் கொடுத்துவிட்டு, அண்ணி அட்டை எடுக்கக் கீழே போனாள்.

வியாழக்கிழமை மதியம் முதல் சுவர் வெட்டினார்கள். ஊசி இறங்கியது. ஒரே ரீங்காரம். ஒரு ஜன்னல், அடுத்து ஒன்று, அதற்கும் அடுத்து ஒன்று. மூலையில் வந்து ஊசி திரும்பும்போதெல்லாம் அண்ணியின் கட்டுக்குள் இருந்த கட்டைவிரல் தானாகத் திரும்பப் பார்த்தது. அட்டையை எடுத்து லேசாகத் தட்டியதும் ஜன்னல் துண்டுகள் உதிர்ந்தன. ஓரங்களில் ஒரு பிசிறு இல்லை.

“அம்மாடி,” என்றாள் அண்ணி, மெதுவாக.

இரண்டாவது சுவரும் வந்தது. சுவர்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்பதற்காக ஓரங்களில் அட்டையின் தடிமனுக்கே வெட்டிய காடிப் பள்ளங்கள் இருக்கும். அண்ணி ஒன்றை ஒன்றில் செருகினாள். போகவில்லை. நாத்தனார் அழுத்தினாள், தாள் கசங்கியது.

“பெல்ட் வழுக்குது போல,” என்றாள் நாத்தனார். முகம் வெளுத்திருந்தது. “எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கணும் அண்ணி. ரெண்டு மூணு நாள் ஆகும்.”

நாளைக்கு வெள்ளி. அண்ணி ஃபோனை எடுத்தாள். வரைபடக்காரருக்குச் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையை இன்றே சொல்லிவிட்டால் அவருக்காவது நேரம் கிடைக்கும். எண்ணைத் தேடிக்கொண்டே, வெட்டிய சுவரை ஒதுக்கிவைப்பதற்காக மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள்.

இடது மூலை வரைபடத்தோடு பொருந்தியிருந்தது. முதல் ஜன்னல் கோட்டிலிருந்து ஒரு நூல் தள்ளி. இரண்டாவது அதைவிடக் கொஞ்சம். மூன்றாவது இன்னும் கொஞ்சம். போகப்போகச் சீராக விலகி, கடைசியில் சுவரே குறைவாக முடிந்திருந்தது. உயரத்திலும் அதே மாதிரி.

ஃபோனை வைத்துவிட்டாள். “இங்க வா. இது வழுக்கல் இல்ல. வழுக்கினா ஒரு இடத்துல தாவும், இன்னொரு இடத்துல சரியா இருக்கும். என் கை தப்பு பண்ணினா ஒரு ஜன்னல் கோணும், அடுத்தது நேரா வரும். இது தப்பைக்கூட எவ்வளவு ஒழுங்கா பண்ணியிருக்கு பாரு. மொத்தக் கட்டடமும் இம்மி பிசகாம சின்னதாயிருக்கு.”

நாத்தனார் குனிந்து பார்த்தாள்.

“நீ எப்படி அளந்தே, காட்டு.”

நாத்தனார் அன்றைக்குப் போட்ட சோதனைக் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்தாள். “நீங்க சொன்ன மாதிரி ஒரு முனையைப் பத்துல வச்சேன். மறுமுனை நூறுல வந்து நிக்கிற வரைக்கும் எண்ணைத் திருத்தினேன். இதோ, நூறு.”

“பத்துல ஆரம்பிச்சு நூறுல முடிஞ்சா அது எவ்வளவுடி?”

நாத்தனார் ஸ்கேலையே பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். “தொண்ணூறு.”

அண்ணி சிரிக்கத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்தினாள். “கழிக்கணும்னு நான் சொன்னேனா?”

“சொல்லல.”

“எப்படிச் சொல்லுவேன்? நான் கழிக்கிறேன்னு எனக்கே தெரியாதே. அம்பது வேணும்னா கத்தி தானா அறுபதுல போய் நிக்கும். பாதிப் பழக்கத்தைத்தான் உனக்குக் கொடுத்தேன். மீதி என் கையிலயே தங்கிடுச்சு.”

“அந்தப் பாதியை நான் இதுகிட்டக் கொடுத்துட்டேன். அதுவும் அப்படியே நம்பிடுச்சு.”

இருவரும் மெஷினைப் பார்த்தார்கள். அது ஊசியைத் தூக்கிக்கொண்டு மூலையில் நின்றது. தொண்ணூறுதான் நூறு என்று சொன்னார்கள், அது சந்தேகப்படவில்லை. அத்தனை ஜன்னலிலும் அத்தனை காடியிலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தது.

“என்ன பண்ணணும்? பிரிக்கணுமா?”

“ஒண்ணும் வேண்டாம்.” நாத்தனார் லேப்டாப்பில் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என இரண்டு எண்களை மாற்றினாள். “பத்துல ஒரு பங்கு விட்டுப்போச்சு, அதைச் சேர்த்துட்டேன். அவ்வளவுதான். கட்டடம் வளர்ந்துடுச்சு.”

சோதனைக் கோடு போட்டுப் பார்த்தார்கள். பத்தில் வைத்த ஸ்கேலில் மறுமுனை நூற்றுப்பத்தில் வந்து நின்றது. அண்ணி குனிந்து ஒருமுறை பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுமுறை பார்த்தாள். ஒரு திருகும் கழலவில்லை, ஒரு வயரும் இடம் மாறவில்லை. மூன்று மாடியும் எங்கோ உள்ளே ஒரு எண்ணாக உட்கார்ந்து, சரியான சொல்லுக்காகக் காத்திருந்திருக்கிறது.

சுவர்கள் மறுபடி வெட்டுப்பட்டன. அட்டையின் ஒரு ஓரம் வளைந்து எழும்பியபோது அண்ணி இடது உள்ளங்கையை அதன் மேல் வைத்து அமர்த்திக்கொண்டாள். ஊசியின் ரீங்காரம் அட்டை வழியாக வந்து அவள் கைரேகைகளில் அதிர்ந்தது. ஜன்னல்களை வெட்டும்போது கைக்குத் தெரிகிற அதிர்வு அது. இந்தக் கைக்கு அது புதிது.

சுவரோடு சுவரைக் கோத்தாள். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை, செருகியதும் மெல்லிய ஒரு ‘டப்’, பிடித்துக்கொண்டது. நான்கு சுவரும் நின்றபோது மேற்கு ஜன்னலில் வெயில் சாய்ந்து இறங்கியிருந்தது. அது நூலகத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. மேசை முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சக் கட்டங்கள், மாடிக்கு ஒரு வரிசையாக. சில அவள் கைக்கட்டின் மேலும் விழுந்திருந்தன.

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“டிப்போவுல வேற ஆளைப் பாக்கச் சொல்லிடுங்க,” என்றாள் அண்ணி. பிறகு ஃபோனை எடுத்தாள்.

“சார், வேற இடத்துல கொடுக்க வேண்டாம்.”

வரைபடக்காரர் கேட்டார்: “கை சரியாயிடுச்சாம்மா?”

அண்ணி மெஷினைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் மோட்டார் வயரைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு, கட்டங்களாக வெயில் விழுந்திருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

“எந்தக் கையைக் கேக்குறீங்க சார்?” என்றாள்.