பழுப்பு நிறச் சூப்பு

மீன் வயிற்றுக்குள் கரண்டி விடுவதில் எனக்கு ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை. எங்கள் மீன்பிடிச் சங்கத்தில் இருபத்தாறு வருஷமாகத் தராசும் என் கையில்தான், கரண்டியும் என் கையில்தான். எத்தனையோ டிரவுட் மீன்களின் இரைப்பையைத் துழாவிவிட்டு, அதே கையைக் கழுவி வெண்ணெய் தடவி ரொட்டி தின்றிருக்கிறேன். போன செப்டம்பரில் எனக்கு வந்த குமட்டலுக்கு மீன் காரணமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாவம் மீன்.

எங்கள் ஊருக்கு மேலே இரண்டு அணைகள், மேலணை, கீழணை. ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் ஐந்து போட்டிகள். ஒரு படகுக்கு இரண்டு பேர். புழு கூடாது, மாவு கூடாது, இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய் ஈயைத்தான் வீச வேண்டும். தண்ணீரில் இரை தூவினால் ஆயுளுக்கும் சங்கத்தில் இடமில்லை. அது பன்னிரண்டாவது விதி. நான் அறிந்து யார் மேலும் அதைப் பிரயோகித்ததில்லை. ஐந்து போட்டியிலும் சேர்த்து அதிகப் புள்ளி எடுத்தவருக்கு வெள்ளிக் கோப்பை. அதில் பெயர் பொறிப்பார்கள்.

என் வீட்டுக்காரர் எம்லின் ஆறு வருஷமாக இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தார். ஆறு வருஷம்! ஒவ்வொரு அக்டோபரிலும் வீட்டில் ஒரு மாசம் துக்கம். பேசமாட்டார், சரியாகச் சாப்பிடமாட்டார், குளியலறையில் போய் உட்கார்ந்துகொள்வார். அந்த வருஷம் நாலு போட்டி முடிந்தபோது அவர்தான் முதலில் இருந்தார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதைவிடப் பெரிய சந்தோஷம் இன்னொன்று. ஏப்ரலில் படகுக்கு ஜோடி சேர்க்கும்போது இட்வால் பெரியவரோடு போக ஒருத்தரும் முன்வரவில்லை. எண்பத்தொரு வயது, இரண்டு கண்ணிலும் புகை படிந்தமாதிரி மங்கல். நூலைச் சிக்கலாக்கிவிடுவார், அதை அவிழ்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும். எம்லின்தான் எழுந்து, "நான் கூட்டிட்டுப் போறேன்ப்பா. வருஷம் பூரா அவர் என் படகுலதான்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது நினைத்தால் அந்தக் கண்ணைத் தோண்டி எறியலாம்போல இருக்கிறது.

கடைசிப் போட்டி மேலணையில். வழக்கம்போல விடிவதற்கு முன்னால் எழுந்து லீக் கீரையும் உருளைக்கிழங்கும் போட்டு சூப்பு வைத்தேன். வெள்ளை வெளேரென்று பால் மாதிரி இருக்கும் என் சூப்பு. மேலே வெள்ளை மிளகுத்தூள். ஒவ்வொரு போட்டிக்கும் இதுதான். ஒரு பிளாஸ்க்கில் தேநீர், ஒன்றில் சூப்பு. தண்ணீருக்கு நடுவே காற்று எலும்பைத் துளைக்குமே, வயிற்றில் சூடாக ஏதாவது இறங்க வேண்டாமா?

அணைக்குப் போய் இறங்கியதும் எம்லின் பையோடு வேலிப்பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தார். சங்கத் தலைவர் ஹெவினின் நாய் வழக்கம்போல வண்டி நிறுத்தும் இடத்து வேலிக்கு ஓடியது. புல்லை நக்கோ நக்கு என்று நக்கியது. வருஷம் பூராவும், எந்த அணையானாலும், போட்டியன்று அதற்கு அதே வேலை. பைத்தியக்கார நாய் என்று சிரித்துக்கொண்டு நான் சங்கத்துக் குடிலுக்குள் போய்த் தராசைத் துடைத்தேன்.

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. படகுகள் கரைக்கு வந்தன. இட்வால் முதலில் உள்ளே வந்தார். தொப்பியிலிருந்து மழைநீர் சொட்டுகிறது, முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரே ஒரு மீன்தான், ஆனால் அதைத் தூக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. நான் அதை வாங்கி வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நெஸ்டா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"உன் சூப்பு விஷயம். உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடேன்மா."

"என் சூப்புல உப்பா?"

"எம்லினால வாயிலயே வைக்க முடியலையாம். பாவம், உன்கிட்ட சொன்னா நீ மனசு ஒடிஞ்சு போயிடுவேன்னு சொல்லாம இருக்கான். ஒவ்வொரு தடவையும் தண்ணியில கொட்டிடறான்."

"எங்க கொட்டறார்?"

"பட்டமரத்து மூலையில. படகை அங்க கொண்டுபோய் நிறுத்தினதும் மொத வேலை அதான். எனக்குக் கண்ணு சரியாத் தெரியாட்டியும் பழுப்பா, கொழகொழன்னு போறது தெரியும். வாடை வேற. மீன் கீன் போட்டு வைக்கிறியா?"

எனக்கு வந்த கோபத்தில் உப்பு என்ற வார்த்தை மட்டும்தான் காதில் நின்றது. பழுப்பு என்று அவர் சொன்னதை நான் கவனிக்கவே இல்லை. முப்பத்தெட்டு வருஷம் நான் வைத்த சூப்பு! வீட்டுக்கு வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எடை போட்டேன். எம்லினின் நாலு மீன் ஒன்பதரை பவுண்டு. அன்றைக்கு அதுதான் அதிகம். கோப்பை அவருக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. முதுகில் தட்டுகிறார்கள், கை குலுக்குகிறார்கள், பன்றிக்கறி வறுத்து வைத்த பன் ஒன்றைக் கையில் திணிக்கிறார்கள். தனி மீனில் பெரியது இட்வாலுடையது. ஐந்தே கால் பவுண்டு. மனிதர் குழந்தை மாதிரி நின்றார்.

அன்றைய பெரிய மீனின் வயிற்றில் நல்லிக் கரண்டி விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். எலும்புக்குள்ளிருந்து நல்லியை எடுக்கும் நீளக் கரண்டி அது. வாய் வழியாக உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தால் மீன் கடைசியாகத் தின்றதெல்லாம் வந்துவிடும். தண்ணீர் ஊற்றிய வெள்ளைச் சாசரில் அதைக் கரைத்து எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள். நத்தையா, வண்டா, கொசுப் புழுவா என்று பார்த்து, குளிர்காலத்தில் அதே மாதிரி ஈ கட்டுவார்கள். அன்றும் விளக்கடியில் பதினைந்து தலை கூடியது.

கரண்டியைத் திருப்பி இழுத்தேன். சாசரில் விழுந்தது நத்தை இல்லை, வண்டும் இல்லை. பழுப்பாக ஒரு களி. நடுவில் பாதி கரைந்த உருண்டைகள், முயல் புழுக்கை அளவில். வாடை குப்பென்று அடித்தது. பண்ணையில் மீனுக்குப் போடும் தீனி. யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

"பண்ணையிலேர்ந்து வந்த மீனா இருக்கும்" என்றார் யாரோ.

ஹெவின் தலையை ஆட்டினார். "பண்ணை மீனை வாங்கி அணையில விட்டு மூணு வாரம் ஆச்சு. தீனி அவ்வளவு நாள் வயித்துல நிக்குமா? இது இன்னிக்குத் தின்னது." பிறகு மெதுவாக, "இட்வால், இதை நீங்களே பாருங்க" என்றார்.

இட்வால் குனிந்து மூக்கைச் சாசருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முகர்ந்தார்.  பிறகு தலையைத் திருப்பி எம்லின் நிற்கும் பக்கமாகப் பார்த்தார். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும், ஒரு நிழல்தானே. வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். ஒரே படகில் உட்கார்ந்தவனைக் காட்டிக்கொடுப்பது அவர் தலைமுறையில் கிடையாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழுப்பு. கொழகொழ. வாடை. 

நான் எம்லினைப் பார்த்தேன். இப்போது சொல்வார், இதோ சொல்லிவிடுவார் என்று பார்த்தேன். அவர் பன்னைக் கடித்து மென்றார். விழுங்கினார். தாடையில் சாஸ் வழிந்தது.

"விடுங்கப்பா" என்றார். "வயசான மனுஷன், கண்ணும் தெரியல, புத்தியும் முன்ன மாதிரி இல்ல. தெரியாம எதையோ பண்ணியிருப்பாரு. இதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு. கோப்பையைக் குடுங்க, மழை வலுக்குது."

சீ! முப்பத்தெட்டு வருஷம் இந்த வாய்க்கா சமைத்துப் போட்டேன்?

ஹெவின் தராசைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அம்பத்திரெண்டு வருஷமா இருக்கீங்க, இட்வால். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. உங்க அட்டையை..."

இட்வால் உறுப்பினர் அட்டையை எடுக்கச் சட்டைப்பைப் பொத்தானைக் கழற்றப் பார்த்தார். அது கழலவில்லை.

நான் கதவோரம் கிடந்த எம்லினின் பையைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். சூப்புப் பிளாஸ்க்கை வெளியே எடுத்தேன்.

"நெஸ், அது எதுக்கு? அதை வை. அழுக்கு."

"என் சூப்புதானே? அதுல என்ன அழுக்கு?"

"நெஸ், சொன்னாக் கேளு. வீட்டுல பேசிக்கலாம்."

மூடியைத் திருகினேன். அந்த வாடை வெளியே வந்ததும் பக்கத்தில் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். பிளாஸ்க்கைக் கவிழ்த்து அடியில் தட்டினேன். சொத்தென்று ஒரு பழுப்புக் கட்டி சாசரில், மற்றதன் பக்கத்திலேயே விழுந்தது. இரண்டும் அக்கா தங்கை மாதிரி கிடந்தன.

"நான் வச்சது லீக் சூப்பு. வெள்ளையா இருக்கும்" என்றேன். "ஹெவின், உங்க நாய் எதுக்கு வேலியோரப் புல்லை நக்குதுன்னு கேப்பீங்களே, அங்கதான் கொட்டிக் கிடக்குது என் சூப்பு. அஞ்சு போட்டிச் சூப்பும்."

எம்லினுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆறு வருஷம் ரெண்டாவதா வந்து பாருங்கடா, அப்பத் தெரியும்! இங்க யாருமே எதுவுமே பண்ணலையா? எல்லாரும் யோக்கியமா?"

"அதை விடு. இவரைப் படகுல கூட்டிட்டுப் போனியே, எதுக்குக் கூட்டிட்டுப் போன? கண்ணு தெரியாதுன்னுதானே?" என்றேன்.

அவர் கையிலிருந்த பன்னைப் பார்த்தார். ஏமாற்றினார், சரி, ஆசை யாரை விட்டது என்றாவது நான் சமாதானம் ஆகியிருப்பேன். இந்த மௌனத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை, இன்றுவரைக்கும்.

ஹெவின் எம்லினின் மீன்களைத் தராசுப் பக்கத்திலிருந்து எடுத்து வாளியில் போட்டார். கையை நீட்டினார். எம்லின் அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

"பெரிய மீனுக்கான பரிசு உங்களுக்குத்தான், இட்வால்" என்றார் ஹெவின்.

"வேணாம்ப்பா. அதையும் வாளியில போடு. அது என் ஈயைத் தேடி வரல, தீனியைத் தேடி வந்திருக்கு." பெரியவர் தடவித் தடவித் தன் தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசலுக்குப் போனவர் திரும்பினார். "அப்போ நெஸ்டா, உன் சூப்புல உப்பு ஜாஸ்தி இல்லையா?"

"இல்லவே இல்ல."

"அப்ப அடுத்த வருஷம் எனக்குக் கொண்டா. மோந்து பார்த்துட்டுக் குடிக்கிறேன்."

நான் சாசரையும் கரண்டியையும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். பிளாஸ்க்கைக் கழுவவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டேன். வண்டிக்குப் போனபோது எம்லின் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கண்ணாடியை இறக்கிக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை உள்ளே அடித்தது, அடிக்கட்டும். ஆறு மைல் ஓட்டினார். பாலம் தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"நெஸ், பசிக்குது. வீட்டுல சூப்பு மிச்சம் இருக்கா?"

மடியில் இருந்த பிளாஸ்க்கைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல இருக்கு. குடி."