கல்லுளி கேட்ட கேள்வி

“நாற்பத்திரண்டாம் பக்கம், ரயில் நிலையம். நாளைக்கு உன் வகுப்புலேருந்து அதைத் தவிர வேற எதுவும் கேக்கக் கூடாது.”

“அண்ணி, அந்தப் பாடத்தைப் பிள்ளைங்க அப்படியே ஒப்பிச்சிடுவாங்க. ரயில் எங்க போகுதுன்னு கேட்டா வாயடைச்சு நிப்பாங்க.”

“இங்க நான் அண்ணி இல்ல.”

சொன்னது நியாயம்தான். வீட்டில் அண்ணன் மனைவி, இந்த மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியை. மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் நாத்தனாருக்கு அந்த வித்தியாசம் ஏழு வருடமாகப் பிடிபடவில்லை.

“நாளைக்கு ஆய்வுக்கு வர்ற அதிகாரி காதுல பாட்டுச் சத்தம் விழுந்துதுன்னா, அந்த வகுப்பு உன்கிட்ட இருக்காது. ஆபீஸ்ல உக்காந்து வருகைப் பதிவு எழுதிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.”

டீச்சர் தலையாட்டவில்லை.

அவர் நடத்தும் விதமே வேறு. ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் முன்னால் நிற்பவர் கேள்வியாகப் பாடுவார், பின்னால் வரும் கூட்டம் பதிலாகப் பாடும். அந்த மெட்டை எடுத்து அதில் ஆங்கிலத்தை ஏற்றினார். பெஞ்சுகள் ஓரம் போகும். ஒருத்தி பலூன் விற்பாள். ஒருத்தன் கூட்டத்தில் தொலைந்துபோவான். “ஹூ இஸ் லாஸ்ட்?” என்று ஒரு குரல் எடுத்துக் கொடுக்க, முப்பது வாய் பதில் பாடும். சட்டம் ஒன்றுதான்: கேள்வி யாரிடம் வந்தாலும் அவர் பதில் சொல்லக் கூடாது, கூட்டத்துக்குக் கொடுக்க வேண்டும்.

எதைக் கேட்டாலும் கல்லுளிமங்கன் மாதிரி நின்றதால் ‘கல்லுளி’ என்று பேர் வாங்கிய சிறுமியை வாய் திறக்க வைத்தது அந்தச் சட்டம்தான். பதில் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும் என்றதும் அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று.

மறுநாள் அதிகாரி வந்தார். சுற்றிப் பார்த்தவர், நேராகக் கல்லுளியைத்தான் எழுப்பினார். கையிலிருந்த குடையைத் தூக்கிப் பிடித்தார்.

“வாட் இஸ் திஸ்?”

கல்லுளி கையை உயர்த்தி ராகத்தோடு எடுத்துக் கொடுத்தாள். “வாட் இஸ் திஸ்?”

“இட் இஸ் அன் அம்ப்ரெல்லா,” என்று வகுப்பு முழங்கியது.

“உன்னைத்தான் கேட்டேன். ஹூஸ் அம்ப்ரெல்லா இஸ் திஸ்?”

அவள் அதையும் கூட்டத்துக்குக் கொடுத்தாள். “இட் இஸ் யுவர் அம்ப்ரெல்லா,” என்றது கூட்டம்.

அதிகாரியின் முகம் சுண்டியது. “என்ன மேடம், இது வெறும் கிளிப்பிள்ளை. கேட்டதையே திருப்பிச் சொல்லுது. மத்தது கோரஸ் போடுது.”

“பயந்துட்டா சார்,” என்ற தலைமையாசிரியை, புத்தகத்தைத் திற என்று நாத்தனாருக்குக் கண்ணைக் காட்டினார்.

டீச்சர் புத்தகத்தை மூடி வைத்தார். “பயம் இல்ல சார். கேள்வி வந்தா கூட்டத்துக்குக் கொடுக்கணும்னு நான்தான் பழக்கியிருக்கேன். இப்ப அவ கேக்கட்டும். நீங்க கூட்டமா இருங்க.”

“நான் கூட்டமா?”

“ஒரே ஒரு கேள்விக்கு.”

கல்லுளி அவரை மேலும் கீழும் பார்த்தாள். இந்த முறை ராகம் இல்லை.

“ஒய் ஆர் யூ ஆங்கிரி, சார்?”

கடைசி பெஞ்சில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.

“இதை யாரு சொல்லிக் கொடுத்தது?”

“யாரும் இல்ல. இது எந்தப் பாட்டுலயும் கிடையாது, நாற்பத்திரண்டாம் பக்கத்துலயும் கிடையாது. அவளே கட்டின வாக்கியம். கிளி இப்படிக் கேக்குமா சார்?”

“மரியாதை தெரியாத பிள்ளைங்களா வளக்கறீங்க.”

“சார்னு சொல்லித்தானே முடிச்சா.”

அதிகாரி குடையோடு வெளியேறினார். போகிற போக்கில் தலைமையாசிரியையிடம் ஒரு தாளை எழுதிக் கொடுத்துச் சென்றிருந்தார். மத்தியானம் அது டீச்சர் முன்னால் வந்தது. ‘இனி வகுப்பில் திருவிழாவோ பாட்டோ நடத்த மாட்டேன்’ என்று ஒரு வரி, கீழே கையெழுத்துக்கு இடம்.

“போட்டுடு,” என்றார் தலைமையாசிரியை. “கொஞ்சம் வளைஞ்சு கொடுத்தா ஒண்ணும் உடைஞ்சுடாது.”

“நான் வளைஞ்சுக்கலாம். அந்தப் பொண்ணு திரும்ப வாயை மூடிக்கிட்டா, திறக்க யாரு வருவா? நீங்களா?”

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினார்: ‘பிள்ளை கேட்ட கேள்வி சரியானது. அதிகாரி பதில் சொல்லவில்லை. பாட்டை நிறுத்த மாட்டேன்.’ கையெழுத்தும் போட்டார்.

தலைமையாசிரியை இரண்டு முறை படித்தார். “உங்க அண்ணன் சொல்றது சரிதான். நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால்.”

“முயல் உங்க கண்ணு முன்னாடிதான் ஓடுச்சு. நீங்களே எண்ணிப் பாத்திருப்பீங்க.”

தலைமையாசிரியை தாளை மடித்து ஓர் உறைக்குள் வைத்தார்.

“இதைக் கிழிக்க மாட்டேன்,” என்றார். “அப்படியே அனுப்பிடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது.”

“அனுப்புங்க.”

“பதில் வர்ற வரைக்கும் நீ ஆபீஸ்ல.”

“அதுவரைக்கும் வகுப்புக்கு யாரு?”

“இனிமேதான் ஆள் பாக்கணும்.”

“அப்ப இன்னைக்குக் கடைசி மணி நான்தான். நாளைக்கு முதல் மணியும் நான்தான். நிறுத்தணும்னா வகுப்புக்கு வந்து, பிள்ளைங்க முன்னாடி நிறுத்துங்க.”

தலைமையாசிரியை உறையை ஒட்டி, விலாசம் எழுதத் தொடங்கினார். நாத்தனார் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வகுப்புக்குப் போனார்.