கத்தினா கத்தட்டும்

என் மானத்தின் விலை முந்நூறு ரூபாய். ஆம்பூர் பஜாரில் என் கடைக்கு வருகிறவர்களின் கம்ப்யூட்டரில் விண்டோஸ் போட்டுக் கொடுக்க நான் வாங்கும் கூலி அது. பென் டிரைவில் அந்த விண்டோஸ் ஃபைலும் வேண்டுமென்றால் அறுநூறு.

என்னைப் பெற்ற அத்தா ரஃபி அகமது தோல் தரகர். வாங்க வருகிறவன் எந்தத் தோலைக் காட்டினாலும் "இங்க ஓட்டை, இங்க உண்ணி கடிச்ச தழும்பு, இதெல்லாம் சரக்கா பாய்?" என்பான். நாம் அசையக் கூடாது. அவன் விலையைக் கம்மி பண்ணத்தான் கத்துகிறான். குறை சொல்கிறவனை நம்பாதே என்பது எனக்குப் பால்குடியிலேயே வந்த பாடம். அதை ஆன்டிவைரஸிடமும் காட்டினேன்.

மேகலா ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிறவள். ரிப்போர்ட்டுகளைத் தன் லேப்டாப்பிலிருந்தே மெயிலில் அனுப்புவாள். அது மெதுவாகிப் போனதால் என்னிடம் விண்டோஸ் போட்டு, பென் டிரைவில் ஃபைலும் வாங்கிப் போனாள். மூன்றாம் நாள் திரும்பி வந்தாள்.

"தபரேஸ் பாய், நீங்க குடுத்த ஃபைல்ல வைரஸ்னு செவப்பா காட்டுது. இன்னா இது?"

"அதுக்கு வேற வேல இல்லம்மா. டவுன்லோட் பண்ண ஃபைலைப் பாத்தாலே கத்தும். கத்தினா கத்தட்டும்."

"விண்டோஸ்காரன் சைட்ல அசல் ஃபைலுக்கு நீளமா ஒரு நம்பர் போட்டிருக்கான் பாய். அதே ஃபைல்னா அதே நம்பர் வரணுமாம். உங்களுதுல வேற நம்பர் வருது."

"ஷூவ ரிஜெக்ட் பண்ற பழக்கத்துல என் சரக்கையும் ரிஜெக்ட் பண்றியா?"

கடையில் இருந்த தோஸ்துகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. லேப்டாப்பை வாங்கி, அந்த ஃபைலை இனிமேல் சோதிக்காதே என்று நானே ஆன்டிவைரஸுக்கு உத்தரவு போட்டுக் கொடுத்தேன்.

உண்மை எனக்குத் தெரியும். அது விண்டோஸ்காரன் தளத்தில் எடுத்ததல்ல. எவனோ சுருக்கி, லைசென்ஸ் கேட்காதபடி திருத்திப் போட்டிருந்த ஃபைல். எடுக்கும்போது என் கடை மெஷினும் கத்தியது. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, மேகலாவின் மெயிலிலிருந்து, அவளுக்கே தெரியாமல், கம்பெனியில் ஷூ வாங்கும் வெளிநாட்டு வியாபாரிக்கு ஒரு கடிதம் போயிருந்தது. பணத்தை இனிமேல் இந்தப் புது பாங்க் கணக்குக்கு அனுப்புங்கள் என்று. அவன் சந்தேகப்பட்டு போன் பண்ணியதால் பணம் தப்பியது. மேகலாவுக்கும் இதில் பங்கு என்று கம்பெனி அவளை வேலையை விட்டு நிறுத்தி வைத்தது.

"நாளைக்கு விசாரணை, பாய். அன்னிக்கு நான் சொன்னத வந்து சொல்லுங்க. அது போதும்."

"வைரஸ் எங்கேருந்து வேணா வந்திருக்கலாம்மா" என்றேன். "நீ என்னென்ன தொறந்து பாத்தியோ."

"சரி பாய்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் பதிலுக்குப் பேரம் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன்.

அவள் போனதும் அந்த நம்பரை முதல்முறையாக நானே எடுத்துப் பார்த்தேன். அசலோடு சேரவில்லை. சேராது என்று தெரிந்துதான் இத்தனை நாள் பார்க்காமல் இருந்தேன்.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போய் மேனேஜர் சாமிநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எடுக்கறப்பவே கத்துச்சா?"

"கத்துச்சு சார்."

"அப்புறம்?"

"வாய அடைச்சிட்டேன் சார்."

"இந்தப் பொண்ணு வந்து சொல்லிச்சா?"

"சொல்லிச்சு. அது வாயையும் அடைச்சேன்."

மூலையில் நாற்காலியில் இருந்த மேகலா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மறுவாரமே அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

அந்த ஃபைலை எத்தனை மெஷினில் போட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. கூப்பிட்டு, காரணத்தை மறைக்காமல் சொல்லி, பாஸ்வேர்டுகளை மாற்றச் சொல்லி, துடைத்து அசலைப் போட்டுக் கொடுத்தது முப்பத்தேழு. போனை எடுக்காதவர்கள் மூன்று பேர். மீதி ஒன்று மேகலாவுடையது. அவள் அதை வாணியம்பாடியில் வேறு கடையில் கொடுத்துச் சரிபண்ணிக்கொண்டாளாம். என் கணக்கில் அது இன்னும் பாக்கி.