மினிஸ்டர் வரும்வரைக்கும்

இளஞ்சூட்டுத் தண்ணீர் வாளியைக் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டு றுஷ்னா நிமிர்ந்தபோது, அவளுக்கு மூத்தவனான நானா ஷிஹான் பல்கனியில் நின்று தொலைபேசிக்குக் குனிந்து குனிந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஓ சேர். வெச்சுக்கொள்றம் சேர். நீங்க ஆறுதலா வாங்க."

உள்ளே வாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சுபஹ் தொழுகைக்கென்று எழும்பிய மனிதர், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். டொக்டர் வந்து பார்த்துக் கடிதம் தந்துவிட்டார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் அறிவித்தாயிற்று. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜாவத்தை மையவாடியில் அடக்கம்.

ஷிஹான் உள்ளே வந்தான். "மினிஸ்டர் குருநாகலில ஈக்கிறாராம். கூட்டம் முடிய உடனே வெளிக்கிடுறார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு எடுப்பம்."

"அஸருக்கு என்டு சொல்லியாச்சே."

"திருப்பிச் சொன்னாப் போகுது."

"வாப்பா மௌத்தாகி விடியக்காலைல இருந்து கிடக்கிறார். அந்தாளுக்கு மீட்டிங் முடியும்வரைக்கும் வெச்சிருக்கோணுமா?"

"அந்தாள் இல்ல, மினிஸ்டர். நீ நிக்கிற இந்த ஃபிளாட் ஆர் எடுத்துத் தந்தது என்டு யோசிச்சுப் பார்த்துக் கதை."

அவர் மினிஸ்டராக இருந்தது எப்போதோ. இரண்டு தேர்தல்களில் தோற்று, இந்த முறை மறுபடியும் நிற்கிறார். ஆனால் வெள்ளவத்தையின் இந்த ஒழுங்கையில் அவருக்கு அந்தப் பெயர் போகவில்லை. ஷிஹான் வேலை செய்வதும் அவருடைய அலுவலகத்தில்தான்.

வாப்பா புவாத், பொலிஸிலிருந்து அவருடைய பாதுகாப்புக்கு மாற்றப்பட்டவர். றுஷ்னா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் வாப்பாவைப் பகலில் கண்டதே குறைவு. நோன்புப் பெருநாளன்றும் அவர் இன்னொரு வீட்டு வாசலில்தான் நின்றார். பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு தேர்தல் கூட்டம். மினிஸ்டர் மேடையிலிருந்து இறங்கும்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் சுட்டான். மினிஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. வெடி வாப்பாவின் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு போனது. பல மாதம் ஆஸ்பத்திரி, பிறகு ஊன்றுகோல், பிறகு காலை இழுத்து இழுத்து ஒரு நடை. புவாத் மினிஸ்டருக்கு முன்னால் பாய்ந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. உம்மா அந்தத் துண்டுகளைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். கல்யாண வீடுகளில் அறிமுகமில்லாத பெண்கள் உம்மாவின் கையைப் பிடித்து, "பாஞ்சவர்ட வைஃப் நீங்கதானே" என்று கேட்பார்கள். உம்மாவின் முகத்தில் அப்போது வரும் வெளிச்சத்தை வேறெதற்கும் றுஷ்னா கண்டதில்லை.

இப்போது மினிஸ்டரின் மகன் அதைப் படமாக எடுத்திருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை வெளியாகிறது. காலி வீதிச் சந்தியில் பெரிய கட்அவுட்: ஒரு நடிகன் இரண்டு கைகளையும் விரித்து அந்தரத்தில் பறக்கிறான், பின்னால் வெள்ளை உடையில் தலைவர் ஒருவர் அசையாமல் நிற்கிறார். படத்துக்கு ஊர் ஊராக இடம் பார்த்துக் கொடுத்தது ஷிஹான்.

"மினிஸ்டரோட ரெண்டு கெமராவும் வருது," என்றான் ஷிஹான், சொல்லக்கூடாது என்று தெரிந்தும்.

றுஷ்னா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். கீழே வாசலில் பிளாஸ்டிக் கதிரைகளுக்கு நடுவே பள்ளிவாசல் ஹஸரத் நின்றுகொண்டிருந்தார்.

"ஹஸரத், ஒரு ஆள் வாரார் என்டு ஜனாஸாவப் பிந்த வைக்க ஏலுமா?"

"ஆர் மகள் வாரது? வெளிநாட்டில இருந்து பிள்ளையா?"

"பிள்ளைகள் ரெண்டு பேரும் இங்கதான் ஈக்கிறம். வாரது மினிஸ்டர்."

சுற்றியிருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹஸரத் தாடியைத் தடவினார். பள்ளிவாசலுக்கு மேல்மாடி கட்ட மினிஸ்டர் உதவியது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதை நினைத்தாரோ என்னவோ, தோளில் கிடந்த சால்வையை எடுத்து மறுபடி போட்டார்.

"அறிவிச்ச நேரத்துக்கே எடுப்பம்," என்றார் கடைசியில். "அவருக்கு நான் சொல்றன்."

மேலே வந்தபோது ஷிஹான் குசினியில் காத்துக்கொண்டிருந்தான். யாரோ முந்தியே மேலே வந்து சொல்லிவிட்டார்கள். அவன் குசினிக் கதவைச் சாத்தினான்.

"என்ட மானத்த வாங்கிட்டாய். சந்தோஷமா?"

"மெல்லமாக் கதை. உம்மா அடுத்த அறைல."

"உனக்கு அந்த மனுஷனோட என்ன கோவம்? வாப்பா ஆஸ்பத்திரில கிடந்த காலம் மாசம் மாசம் வந்து பார்த்தவர். வேற எந்த மினிஸ்டர் தன்ட செக்யூரிட்டியத் தேடிப் போனான்? படம் வந்தா முழு நாடும் வாப்பாட பேரைச் சொல்லும். உனக்கு அது பொறுக்கல்ல."

"அந்தப் படம் பொய்," என்றாள் றுஷ்னா.

சொல்லக்கூடாது என்றுதான் இத்தனை மாதம் வைத்திருந்தாள். சென்ற ஆண்டின் கடைசியில், கிளினிக் முடிந்து வரும் வழியில், கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்துக் கல்லில் அவளும் வாப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். வாப்பா தொலைபேசியில் படத்தின் முன்னோட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். நடிகன் பறக்கும் இடம் வரும்போதெல்லாம் நிறுத்தினார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, "நான் பாயல்ல மகள்," என்றார்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை.

"துவக்கக் கண்டன். கண்டிட்டு அப்பிடியே நிண்டுட்டன். அவர்தான் என்ட கொலரைப் பிடிச்சுத் தனக்கு முன்னால இழுத்தார்."

"வாப்பா, இத ஏன் இவ்வளவு காலமும் ஆருக்கும் சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்ற? அவர் இழுக்காட்டி நான் பாஞ்சிருப்பனா இல்லையா என்டு எனக்கே தெரியா. இன்னுங் கொஞ்சம் நேரம் இருந்திருந்தா..." ரயில் ஒன்று வந்தது. அது போன பிறகு வாப்பா தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். உம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து மினிஸ்டரின் முகத்தைச் சுவரொட்டியில் கண்டாலும் றுஷ்னாவின் பற்கள் நறநறக்கும். கோபத்தில் ஒரு பங்கு வாப்பாவின் மேலும்தான். அந்த மனிதரைக் கண்டால் வாப்பா கடைசிவரைக்கும் எழும்பித்தான் நின்றார்.

குசினியில் ஷிஹான் குழாயை இறுக்கி மூடினான். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"இழுத்தது தெரியும். படத்துக்குக் கதை எழுதினவன் மினிஸ்டர்ட பழைய டிரைவரைத் தேடிப் போய்க் கேட்டிருக்கான். அந்தாள் உள்ளதச் சொல்லிட்டான். எழுதினவன் வந்து என்னட்டச் சொல்றான், இது இன்னும் நல்ல கதை, இப்பிடியே எடுப்பம் என்டு. நான் வாப்பாட்டப் போய்க் கேட்டன்."

"வாப்பா என்ன சொன்னார்?"

"சுவரில உம்மா மாட்டின பேப்பர் துண்டுகளப் பார்த்தார். பிறகு சொன்னார், பாயிற மாதிரியே எழுதச் சொல்லு என்டு." ஷிஹானின் குரல் உடைந்தது. உடைந்ததற்காகவே இன்னும் கடுமையாகப் பேசினான். "மினிஸ்டர் சொல்லல்ல. அவர்ட மகன் சொல்லல்ல. வாப்பா சொன்னது. இப்ப போ, போய்க் கீழ நிக்கிற எல்லாருக்கும் சொல்லு."

றுஷ்னா அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கதவைத் தட்டி, உம்மாவின் தங்கை பைறோஸா எட்டிப் பார்த்தாள்.

"கபன் உடுத்தாச்சு. முகம் பார்க்க வாங்க."

வாப்பாவின் முகத்தைச் சுற்றி வெள்ளைத் துணி இறுக்கமாக இருந்தது. கற்பூர மணம். தாடியில் ஒரு துளி நீர் துடைக்கப்படாமல் நின்றது. பார்ப்பவர்களின் கண்ணீர் அவர் மேல் விழக்கூடாதென்று பைறோஸா சாச்சி றுஷ்னாவைத் தோளைப் பிடித்துப் பின்னுக்கு நகர்த்தினாள். றுஷ்னாவுக்குக் கண்ணீர் வரவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும் போலிருந்தது. அந்தக் கேள்வி என்னவென்றும் சரியாகத் தெரியவில்லை.

"மினிஸ்டர் வரும்வரைக்கும் வெச்சிருப்பம் என்டுதானே ஷிஹான் சொன்னான்," என்றாள் உம்மா. வெள்ளைச் சேலைக்குள் அவள் பாதியாகச் சுருங்கியிருந்தாள்.

"ஹஸரத் ஏலாது என்டிட்டார் உம்மா."

"அவர் கவலப்படுவார்," என்றாள் உம்மா. வாப்பாவைச் சொன்னாளா மினிஸ்டரைச் சொன்னாளா என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் மாடிப் படிக்கட்டின் திருப்பம் ஒடுக்கம். வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கை அப்படியே திருப்ப முடியாமல் தலைமாட்டை உயர்த்திச் சரித்துப் பிடித்தார்கள். அதன் முன் காலைத் தூக்கியவன் ஷிஹான். அவன் தங்கையின் பக்கம் திரும்பவில்லை. பெண்கள் பல்கனிக்கு வந்தபோது சந்தூக்கு ஒழுங்கையின் முனையில் தோள் மாறித் தோள் மாறி, ஒரு முச்சக்கர வண்டியையும் தாண்டி, கண்ணுக்கு மறைந்துகொண்டிருந்தது.

மினிஸ்டர் வந்தபோது மஃரிபுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. அடக்கத்துக்குப் போன ஆண்கள் இன்னும் திரும்பவில்லை. வாசலில் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு, மூச்சு வாங்கியபடி உள்ளே வந்தார். சுவரொட்டியில் இருப்பதைவிட மிகவும் கிழவராக இருந்தார். பின்னால் கெமராக்காரர்கள் இரண்டு பேர். சஃபாரி உடுத்த பாதுகாவலன் மட்டும் சப்பாத்தோடு படிக்கட்டிலேயே நின்றுகொண்டான்.

"எடுத்திட்டீங்களாமே," என்றார் மினிஸ்டர். "நான் ஷிஹானுக்குச் சொன்னனே."

"அஸருக்கு என்டு அறிவிச்சது. அஸருக்கு எடுத்தாச்சு."

"கொஞ்சம் பொறுத்திருக்கலாம் மகள்."

"ஏன்?" என்று கேட்டாள் றுஷ்னா. உட்காரச் சொல்லவில்லை.

மினிஸ்டர் அவளை ஒரு முறை கூர்ந்து பார்த்தார். பிறகு தானாகவே கதிரையில் உட்கார்ந்து, கெமராவின் பக்கம் முகத்தைத் திருப்பினார். அப்போதுதான் ஆண்கள் முன் வராமல் அவள் இத்தா இருக்கும் அறையின் திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"மினிஸ்டர் வந்தீக்கிறாரா?"

"ஓ தங்கச்சி. அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையத் தரட்டும்."

"உங்களிட்ட ஒண்டு கேக்கோணும் என்டு கன காலமா நினைச்சன். அவரிட்டக் கேட்டா எழும்பிப் போயிடுவார். அண்டைக்கு அவர் பாயேக்குள்ள ஏதும் சொன்னாரா? கலிமா சொன்னாரா? எங்கட பேரச் சொன்னாரா?"

கெமராவின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மினிஸ்டர் வாயைத் திறந்தார். அவருடைய கண்கள் றுஷ்னாவின் முகத்தில் வந்து நின்றன. அங்கே எதைக் கண்டாரோ, கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். இவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது இவளுக்கும் தெரிந்தது.

இந்த நேரத்துக்காகத்தான் அவள் எத்தனையோ நாள் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு வசனம் போதும். இரண்டு கெமராவும் இருக்கின்றன. திரைக்குப் பின்னால் உம்மாவும் இருக்கிறாள்.

"சொல்லுங்க," என்றாள் றுஷ்னா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "உம்மா கேக்கிறா. அவர் பாயேக்குள்ள என்ன சொன்னார் என்டு."

மினிஸ்டர் திரையின் பக்கம் திரும்பினார். "கலிமா சொன்னார்," என்றார். "அது மட்டுந்தான் கேட்டிச்சு. நான் திரும்பிப் பார்க்கக்கிடையில பாஞ்சிட்டார்."

திரைக்குப் பின்னால் ஒரு நீளமான பெருமூச்சு. "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் உம்மா. "எனக்குத் தெரியும்."

கெமராக்காரன் இன்னும் இரண்டு வார்த்தை கேட்டான். மினிஸ்டர் கையை அசைத்து வேண்டாம் என்றுவிட்டு எழுந்தார். றுஷ்னா வாசல்வரைக்கும் பின்னால் போனாள்.

"சேர், யமு," என்று பாதுகாவலன் சிங்களத்தில் அவசரப்படுத்தினான்.

மினிஸ்டர் படியில் உட்கார்ந்து சப்பாத்தைப் போடப் பார்த்தார். குனியக் குனியத் தொப்பை தடுத்தது. வார் விரலுக்கு அகப்படவில்லை. பாதுகாவலன் உதவிக்கு வரவில்லை. அவனுடைய கண் கீழ்ப்படிக்கட்டில் இருந்தது. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு தொடங்கியது. கிழவர் ஒரு சப்பாத்தை விட்டுவிட்டு மற்றதை எடுத்தார். அதுவும் ஏறவில்லை.

றுஷ்னா கதவில் கை வைத்தபடி, அவர் எழும்பும்வரைக்கும் நின்றாள்.