ஃப்ரீசரில் வைத்த ரத்தம்

என் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அக்கம்பக்கத்தில் எந்த ஃப்ரிட்ஜ் மூச்சை நிறுத்தினாலும் இவருக்குத்தான் போன் வரும். ஆனால் தன் நெஞ்சைப் பற்றி மட்டும் யாரையும் வாய் திறக்க விடமாட்டார். இளவட்டத்திலிருந்து ஊதித் தள்ளிய சிகரெட்டைப் போன வருஷம்தான் விட்டார். நுரையீரலை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் தலைகீழாக நின்றும் மனுஷன் மசியவில்லை.

"நல்லா ஓடுற மெஷினைத் திறக்கக் கூடாது. அது தொழில் தர்மம்" என்பார்.

இந்த வாயாடி இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கடைசியில் டாக்டரே ஒரு வழி சொன்னார். நுரையீரலில் புற்றுநோய் இருந்தால், அந்தச் செல்களின் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் கலந்து மிதக்குமாம். முதலில் ரத்தத்தைச் சோதிப்போம், சந்தேகம் என்றால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது என்றார்.

"சரி, ஒரே ஒரு குத்து. அதோட என்னை விட்டுடணும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். கம்ப்ரஸரைத் தோளில் தூக்கிப்போகிற ஆளுக்கு ஊசி என்றால் உதறல்.

ரத்தம் எடுக்கும் பெண் வீட்டுக்கே வந்தாள். இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். எடுத்த ரத்தத்தை ஒரு பெட்டியில் வைத்து மூடிவிட்டு, வாசலில் என்னிடம், "பெட்டி மேசை மேலேயே இருக்கட்டும்மா. சாயங்காலம் கூரியர்காரர் வந்து எடுத்துக்குவார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பெட்டி மேசையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தனுப்பினேன்.

அந்த வாரமே பரிசோதனைக்கூடத்திலிருந்து போன். ரத்தம் உறைந்து உருகியதில் செல்லெல்லாம் உடைந்துவிட்டதாம். மறுபடி எடுக்க வேண்டுமாம்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஃப்ரீசர்ல வச்சேன். சாயங்காலம் கொண்டுபோக ஆள் வருமேன்னு எடுத்துப் பெட்டியில போட்டுட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஸ்கேனுக்குப் பயந்து வேணும்னே கெடுத்தீங்களா?"

"கெடுத்தேனா? வெளிய வச்சா பாலே கெட்டுப்போகுது, ரத்தம் கெடாதா? ஐஸையெல்லாம் சுரண்டி, குளிரை முழுசா ஏத்தி, கதவு ரப்பரைக்கூடத் துடைச்சு வச்சேன்டி." ஃப்ரீசர் கதவைத் திறந்து காட்டினார். "அதுல என் உசுரு இருக்குன்னுதானே அவ்வளவு பத்திரமா வச்சேன். எனக்கு மட்டும் சாக ஆசையா?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இவருக்கு அக்கறையே இல்லை என்று எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன்! மனுஷன் பயத்தை உள்ளேயே பூட்டி வைத்திருந்திருக்கிறார்.

"இன்னொரு குத்துக்கு வரச் சொல்லட்டுமா?" என்றேன். சரியென்று தலையை ஆட்டினார்.

இந்தத் தடவை ரத்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வேலைக்குக் கொண்டுபோகும் தெர்மாமீட்டரை வைத்து அறையின் சூட்டை அளந்து அளந்து எனக்கு அறிவித்துக்கொண்டிருந்தார். "வெயில்ல வச்சிடாதீங்க" என்று கூரியர்காரரைத் தெருமுனை வரை துரத்திக்கொண்டு போனார்.

முடிவு வந்தது. சந்தேகம் இருக்கிறது, ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் போனில் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சத்தியம் வேறு செய்து தொலைத்திருக்கிறேன், எந்த முகத்தோடு கூப்பிடுவது? திரும்பிப் பார்த்தால் இவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன முழிக்கிற? ஓட்டம் கெடறதுக்கு முன்னாடியே தகவல் வந்திருக்கு. திறந்து பார்த்துடலாம், வா."

ஸ்கேனில் தெரிந்தது பட்டாணி அளவுகூட இல்லாத கட்டி. ஆரம்பத்திலேயே அகப்பட்டதால் அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். வேறெங்கும் பரவிய மாதிரித் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னதும், ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பாராமல் ஓவென்று அழுதேன்.

மயக்கம் தெளிந்து கண் திறந்தவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவாங்களாமே?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"ஃப்ரீசர்ல வச்சிடப் போறாங்க, போய்ச் சொல்லிட்டு வா."

நான் சிரித்த சிரிப்பில், என்னமோ ஏதோ என்று நர்ஸ் ஓடி வந்தாள்.