பத்து மணிப் பால்

எனக்கு ஒரு வியாதி இருக்கு. யார் வீட்டு விஷயமாவது கண்ணுல பட்டுருச்சுன்னா, அது கதையா ஆகுற வரைக்கும் சோறு எறங்காது, ஒரு எடத்துல உக்கார முடியாது. அறுபத்தொண்ணாம் வருஷம் அந்த வியாதியால ஒரு பாவத்தையும் செஞ்சேன்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துல நான் வாத்தியார், பேரு பத்திநாதன். பள்ளிக்கூட ஜன்னலுக்கு நேர் எதிர்ல புள்ளக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போற பொம்பளைங்க கைப்புள்ளைங்கள அங்கதான் ஆயாகிட்ட விட்டுட்டுப் போவாங்க. பால் குடுக்குறவங்களுக்குப் பத்து மணிக்கு அரை மணி நேரம் உண்டு. மலையிலேருந்து எறங்கி ஓடி வருவாங்க. ஒருநாள் அந்தக் கூட்டத்துல வேலாயியும் ஓடி வந்தா. அவ புள்ளையப் பொதைச்சு ஒரு மாசம்கூட ஆகல.

அவ்வளவுதான், எனக்கு அந்த வியாதி பிடிச்சிருச்சு. வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கும்போதும் இதே நெனப்பு. முதல்ல அவளைப் பைத்தியமா எழுதிப் பாத்தேன், ஒட்டல. புள்ள திருடியா எழுதினேன், சீன்னு நானே கிழிச்சுப் போட்டேன். தாங்காம ஆயாகிட்டயே போய்க் கேட்டேன். "அம்மாக்கண்ணுக்குப் புள்ள பொறந்தும் பால் இல்லீங்க. டின் பால் குடுத்தா புள்ளைக்கு வயித்தால போவுது. வேலாயிக்கு மாரு கட்டிக்கிட்டு வலி உசுரு போவுது. அதான் இந்தப் புள்ளைக்குக் குடுக்குறா. வெளியில சொல்லிராதீங்க"ன்னா. அன்னைக்கே கதைய முடிச்சுட்டேன். பேரெல்லாம் மாத்தி, ஊரு பேரே இல்லாமக் கொழும்புக்கு அனுப்பினேன். வாரப் பத்திரிகையில வந்துருச்சு.

அதுக்கு முந்தின மாசம்தான் உடப்புசல்லாவையிலேருந்து, வேலையும் கூலியும் கணக்குப் பாக்குற ஒரு கணக்கப்பிள்ளை எங்க தோட்டத்துக்கு மாறி வந்திருந்தாரு. பத்திரிகையும் கையுமா வந்து, "ஆகா மாஸ்டர், பிரமாதம்! இந்த மாதிரிக் கற்பனையெல்லாம் எங்கேயிருந்துங்க வருது?"ன்னாரு. தோட்டத்துல என் கதையைப் பத்தி ஒருத்தன் கேட்டது அதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியல.

"கற்பனையா? நம்ம மலையிலயே கண்ணால பாத்ததுங்க!"ன்னு சொல்லித் தொலைச்சேன். அவரு சிரிப்பு அப்படியே நின்னு போச்சு.

மறுநாள் பத்து மணிக்குப் புள்ளக்காம்பரா வாசல்ல நின்னாரு. புள்ள இல்லாதவ எவ வந்தாலும் பாதிப் பேருதான், அரை நாள் கூலிதான்னு சத்தம் போட்டாரு. வேலாயி அவரு முன்னால நின்னா. நான் வகுப்ப விட்டுட்டு ஓடினேன்.

"ஐயா, நான் சொன்னது பொய். கதைக்காகச் சொன்னேன்."

"அப்ப இவ இங்க எதுக்கு நிக்கிறா?"

நாலு பக்கம் கதை கட்டுற மனுஷன், ஒரு வரிப் பொய் கிடைக்காம முழிச்சுக்கிட்டு நின்னேன். உள்ள அந்தப் புள்ள கத்துது. வேலாயி ரவிக்கை ரெண்டு பக்கமும் நனைஞ்சு போச்சு.

"அது எம் புள்ளைங்க. செத்தது அம்மாக்கண்ணு புள்ள. ஐயா புதுசுங்களே, யாரோ மாத்திச் சொல்லியிருக்காங்க"ன்னா வேலாயி, கண்ணக்கூடச் சிமிட்டல. ஆயா தலையக் குனிஞ்சுக்கிட்டா.

கணக்கப்பிள்ளை திரும்பினாரு. அம்மாக்கண்ணு அப்பதான் மேலேருந்து எறங்கி வந்து மூச்சு வாங்கிக்கிட்டு நின்னா.

"ஏய், செத்தது யார் புள்ள?"

அம்மாக்கண்ணு என்னப் பாக்கல, வேலாயியப் பாக்கல. அழுகைச் சத்தம் வர்ற பக்கமே பாத்துக்கிட்டிருந்தா.

"எம் புள்ளதாங்க."

"நெசமா?"

"நான்தாங்க மண்ணு போட்டேன்."

வேலாயி உள்ள ஓடினா. கொஞ்ச நேரத்துல அழுகை நின்னுருச்சு. கணக்கப்பிள்ளை பென்சிலால புஸ்தகத்துல, பால் குடுக்குறவங்க பட்டியல்ல அம்மாக்கண்ணு பேர அடிச்சு வேலாயி பேர எழுதினாரு.

"அப்ப உனக்கு இங்க என்ன வேலை? இனிமே பத்து மணிக்கு நீ மலைய விட்டு எறங்கக் கூடாது, தெரியுதா?"

"சரிங்க"ன்னா அம்மாக்கண்ணு. கூடைய மாட்டிக்கிட்டு மேல ஏறிப் போயிட்டா.