அழுகை வேறு வீட்டில்

கண்மணியின் குழந்தை ரவாங்கில் அழுதால், சத்தம் கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில், செலாசித் தோட்டத்தில் பூட்டிக் கிடந்த தொழிலாளர் லயத்து வீட்டில் கேட்டது. ரவாங் அடுக்குமாடியில் குழந்தை வாயைப் பிளக்கும், முகம் சிவக்கும், நெஞ்சு விம்மும், உள்நாக்கு நடுங்குவது வரைக்கும் தெரியும். சத்தம் மட்டும் வராது. சிரிப்பு வந்தது, தும்மல் வந்தது, பால் குடித்தபின் விக்கலும் ஒழுங்காக வந்தது. அழுகைக்குத்தான் வேறு விலாசம். பிறந்த அன்றைக்குப் பிரசவம் பார்த்த மிஸ்ஸி பாதத்தைச் சுண்டிப் பார்த்தாள், முதுகைத் தடவிப் பார்த்தாள். டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அழுகை இருக்குமிடத்தைக் கண்டுபிடித்தவள் நித்தியா. கண்மணியும் அவளும் அந்த லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்து, ஒரே சுவரின் இரண்டு பக்கமும் வளர்ந்தவர்கள். தோட்டம் கைமாறி, ஒவ்வொரு குடும்பமாக லோரியில் சாமான் ஏற்றிப் போனபின் லயத்தில் மிஞ்சியது நித்தியாவும் அவள் அம்மா இராஜம்மாவும்தான். கண்மணியின் அம்மா லீலாவதி இறந்ததும் அப்பா உலு யாமில் இருந்த மகனோடு போய்விட்டதால், பக்கத்து வீடு பூட்டித்தான் கிடந்தது. அந்த வீட்டுக்குள் பிள்ளை அழுகிறது என்று நித்தியா சொன்னபோது, பூனை குட்டி போட்டிருக்கும் என்றாள் இராஜம்மா. சாவியை எடுத்துத் திறந்து பார்த்தார்கள். பூனை இல்லை. அடுப்படிக்குப் பக்கத்தில், லீலாவதி பாய் விரித்துப் படுக்கும் இடத்தில், ஆளில்லாமல் அழுகை மட்டும் இருந்தது. நித்தியா அங்கிருந்தே ரவாங்குக்குப் போன் போட்டாள். "அடியே, உன் பிள்ள இப்ப என்னா செய்யுது?" "வாயத் தொறந்து வச்சிருக்கு." "இப்ப?" "மூடிருச்சு." "அப்பன்னா இங்க இருக்கிறது உன் பிள்ள அழுகதான் லா. வந்து எடுத்துக்கிட்டுப் போ."

காரணம் இராஜம்மாவுக்கு உடனே விளங்கியது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கவேண்டும். தாயே இல்லாத வீடு என்றாலும், இராஜம்மா முன்னின்று ஏழாம் மாதம் அந்த வீட்டில்தான் கண்மணிக்கு வளையல் அடுக்கினாள். அன்று சாயங்காலம் கணவன் லோகேஸ்வரனோடு ரவாங்குக்குத் திரும்பும்போது, வீட்டைப் பூட்டிவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்து, "பிரசவத்துக்கு வந்துர்றேன்" என்று கண்மணி சொல்லிவிட்டாள். வரப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் வளைகாப்பு முடிந்து புறப்படுகிற பெண் வேறு எதைத்தான் சொல்வாள்? வரமாட்டேன் என்றா சொல்ல முடியும்? "மனுசங்ககிட்ட சொல்லியிருந்தா மறந்திருப்பாங்க. இவ போயி செவத்துக்கிட்ட சொல்லிருக்கா" என்றாள் இராஜம்மா. வீடு காத்திருந்தது. தாயும் வரவில்லை, பிள்ளையும் வரவில்லை. வரவேண்டியதில் எது கைக்கு எட்டியதோ அதை எடுத்து வைத்துக்கொண்டது.

அதன்பின் குழந்தை சாதனா வளர்ந்தது நித்தியாவின் காதை நம்பித்தான். கோல சிலாங்கூரில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போட ஆரம்பித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்டதும் போன் போடுவாள். பசி அழுகை எது, தூக்க அழுகை எது, சும்மா வம்புக்கு அழுவது எது என்று பெற்றவளைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கண்மணி அடுப்புப் பக்கம் திரும்பி நெத்திலி வறுத்துக்கொண்டிருந்த ஒருநாள் போன் வந்தது. "இது பசி இல்லடி, வலி! ஓடு!" ஓடிப்போய்ப் பார்த்தால், அலமாரிக் கதவின் கீலில் பிள்ளையின் விரல் மாட்டியிருந்தது. அன்றைக்கு விரல் தப்பியது. எத்தனையோ தடவை நித்தியா போனை அழுகைக்கு நேராக நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். கம்பிவழி அது போகவில்லை. கண்மணிக்குக் கேட்டதெல்லாம் லயத்துத் தகரக் கூரை வெயிலில் படபடக்கும் சத்தம்தான். "எப்படிடி இருக்கும், அவ அழுகறது?" என்று கேட்பாள். "ம்ம், உன் மூக்கு மாதிரி லா. கொஞ்சம் நீளம்" என்பாள் நித்தியா.

இந்த அழுகைக்காக நித்தியாவின் கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப்போனது. மாப்பிள்ளை சிவநேசன் கலும்பாங்கில் லோரி ஓட்டுபவன், பொறுமைசாலி. என்றாலும் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. மூன்றாவது தடவை அவன் வீட்டார் தேதியைக் குறித்துக்கொண்டுதான் வந்தார்கள். கல்யாணமானதும் நித்தியா கலும்பாங்குக்குப் போய்விடுவாள், இராஜம்மா பத்தாங் காலியில் மகன் வீட்டுக்கு. அடுத்த வாரமே லயத்தை இடித்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நடப்போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. அப்புறம் சாதனா எங்கே விழுந்தாலும், எது குத்தினாலும், எது சுட்டாலும், செம்பனைக் கன்றுகளுக்கு மட்டும்தான் கேட்கும். கண்மணி யோசித்துப் பார்த்தாள். வருகிறேன் என்று சொன்ன சொல்தானே? பிள்ளையோடு போய் அந்த வீட்டில் கால் வைத்தால் சொல் தீர்ந்துவிடும், அழுகையை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். கல்யாணத்துக்கு முதல்நாள் புறப்பட்டாள். லோகேஸ்வரனுக்கு லீவு கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் அன்றைக்கு இரட்டை ஷிப்ட். பஸ் நிறுத்தம் வரைக்கும் பிள்ளையைத் தூக்கிவந்து, "அழுவ ஆரம்பிச்சதும் எனக்குப் போன் போடு. கேக்கலன்னாலும் பரவால்ல, சொல்லு" என்றான்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. ரவாங்கைத் தாண்டியதுமே பிள்ளை அழத் தொடங்கியது; எதிர் இருக்கையில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி அந்தத் திறந்த வாயைப் பார்த்து, நல்ல பிள்ளை, கொட்டாவி விடுகிறது என்றாள். கண்மணி நித்தியாவுக்குப் போன் போட்டாள். "கேக்குதா?" "நல்லாவே கேக்குது. நலுங்கு மஞ்சளோட காதுல போனை வச்சிருக்கேன், அம்மா திட்டுறாங்க." பத்தாங் பெர்ஜுந்தை வந்தபோது மறுபடி கேட்டாள். "கொறஞ்சிருக்குடி. தூரத்துல கேக்கிற மாதிரி இருக்கு." அங்கே குறைந்தால் இங்கே வரவேண்டும்தானே. கண்மணி பிள்ளையின் உதட்டருகே காதைக் கொண்டுபோனாள். மூச்சு மட்டும் சுட்டது. இரண்டு பக்கமும் செம்பனை வந்தது, செம்பனைக்குப் பின் செம்பனை. தோட்டத்துப் பெயர்ப்பலகை தெரிந்த இடத்தில் இறங்கி, "இப்ப?" என்று கேட்டாள். "இங்க சுத்தமா நின்னுருச்சு கண்மணி. உனக்கு வந்துருச்சா?" கண்மணி இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. செம்மண் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது.

லயத்துக்குப் போனதும், கல்யாணத்துக்கு வந்திருந்த பெண்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். இராஜம்மா ஆரத்தி சுற்றினாள். கண்மணி வலதுகாலை வைத்து உள்ளே போய், அடுப்படிக்குப் பக்கத்தில் பாய் விரித்து, பிள்ளையைப் படுக்க வைத்தாள். "வந்துட்டேம்மா. பிள்ளையையும் கொண்டாந்துட்டேன். குடுத்துரு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிள்ளைக்குப் பசி வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பசி வந்தது. வாய் திறந்தது, காலை உதைத்தது, முகம் செம்பருத்தி நிறத்துக்குப் போனது. பிள்ளையிடமும் சத்தம் இல்லை, வீட்டிடமும் இல்லை. ஒருத்தி குனிந்து சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். "போச்சு. ரெண்டும் கெட்டுப்போச்சு" என்றாள் இராஜம்மா. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கண்மணி பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்தாள். அவள் தாயான நாள்முதல் இவ்வளவு அமைதியான வீட்டில் இருந்ததில்லை.

இருட்டும் முன் நித்தியா நலுங்குப் புடவையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது. "கல்யாணம் வேணாம்னு சொல்லிறவா?" என்றாள். "சொல்லிட்டு? இல்லாத அழுகைக்கு இங்க உக்காந்து காவல் இருக்கப் போறியா?" "நெனச்சுப் பாத்தா சிரிப்பா வருதுடி. இத்தன நாளு, எப்படா இது ஓயும்னு இருந்துச்சு. இப்ப ஓஞ்சதும் காது அடச்ச மாதிரி இருக்கு." "நித்தியா, நாளைக்கு நீ அழுவக்கூடாது." "ஏன், அதையும் உன் வீடு எடுத்துக்குமா?" இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு வழக்கம்போல் அவரவர் வாயிலிருந்தே வந்தது.

கல்யாணம் கோல சிலாங்கூர்க் கோயில் மண்டபத்தில் நடந்தது. கண்மணி பின்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையை இழந்த பிள்ளை இனி எப்படி வளரும் என்று யாரைக் கேட்பது? கெட்டிமேளம் முழங்கியதும் பிள்ளை பயந்து சத்தமில்லாமல் வீறிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள், மேளச் சத்தத்துக்குக்கூட அழாத பிள்ளை என்று மெச்சினார்கள். அந்த நேரம் பார்த்துப் போன் அதிர்ந்தது. எடுத்துக்கொண்டு வெளியே, கார்கள் நின்ற இடத்துக்கு ஓடினாள். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தான் லோகேஸ்வரன். "கண்மணி, பிள்ள அழுவுது." "என்னங்க சொல்றீங்க?" "இங்கதான். நம்ம ரூம்புல. கதவத் தொறக்கும்போதே கேட்டுச்சு. தொட்டில் காலியாத்தான் இருக்கு, ஆனா அழுவுது. கண்மணி, எவ்ளோ நல்லா அழுவுது தெரியுமா நம்ம பிள்ள!" அவன் போனைத் தொட்டிலுக்கு நேராகப் பிடித்தான். கண்மணி மறுகாதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். மின்விசிறி சுற்றுவது கேட்டது. அதற்குப் பக்கத்தில் லோகேஸ்வரன் தேம்பித் தேம்பி அழுதது கேட்டது. அது மட்டும்தான் கேட்டது.

பிறகுதான் விஷயம் விளங்கியது. அழுகையை வீடு பிடித்து வைத்திருக்கவில்லை. அது எப்போதும் தாயும் பிள்ளையும் விட்டுவந்த இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். அதற்கும் இராஜம்மா ஒரு காரணம் சொல்லியிருப்பாள், ஆனால் அவள் பத்தாங் காலிக்கு மூட்டை கட்டுவதில் இருந்தாள். நித்தியா காரில் ஏறும்போது கண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கலும்பாங்ல இருந்து காத நீட்டிப் பாக்குறேன்" என்றாள். கண்மணி சிரித்து அனுப்பிவைத்தாள். இரண்டு நாள் கழித்து பிள்ளையோடு ரவாங்குக்குப் பஸ் ஏறினாள். புருஷன் இருக்கும் வீடு, போகாமல் எப்படி? பத்தாங் பெர்ஜுந்தையில் லோகேஸ்வரனுக்குப் போன் போட்டாள். "கேக்குதா?" "கொறையுது" என்றான். "எவ்ளோ?" "மெதுவா கேக்குது கண்மணி. வா பரவால்ல. நீ வந்தா போதும்." "நான் வந்துட்டா அது லயத்துக்குப் போயிரும். அங்க யாரு இருக்கா?" "பக்கத்து வீட்டு உஷாராணி அக்காவ இங்க கேக்கச் சொல்லிட்டு நான் அங்க வந்துறவா?" "வேணாங்க. நித்தியா ஒருத்தி பட்டது போதும். இன்னொருத்தி கழுத்துல இதக் கட்ட வேணாம்." பஸ் நின்றிருந்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "அப்ப வராத" என்றான் லோகேஸ்வரன். கண்மணி பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இறங்கி, சாலையின் மறுபக்கம் போய் நின்றாள்.

லயம் சொன்னபடி இடிந்தது. கண்மணி புக்கிட் ரோத்தானில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே ஒரு தையற்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். லோகேஸ்வரன் நிரந்தர இரவு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். பகலில் தொட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கி, அழுகை கேட்டதும் எழுந்து போன் போடுவான். இரவில் அவன் வேலைக்குப் போனபின், பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தபடியே தூங்கக் கண்மணி கற்றுக்கொண்டாள். கேட்பவன் பார்க்கவில்லை, பார்ப்பவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் புக்கிட் ரோத்தானுக்கு வருவான். அன்று மட்டும் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள், அழுகையைக் கேட்க ஆள் இல்லாததால் சாப்பிடும்போதும் பிள்ளையின் முகத்தைவிட்டு இருவரும் கண்ணை எடுக்கவில்லை. திங்கட்கிழமை உஷாராணி அவனைப் படிக்கட்டில் பார்த்து, "நேத்து ரொம்ப அழுதா லா தம்பி. பல்லு மொளைக்குதா?" என்பாள். அவனுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் வேலை வந்தது. கிள்ளானுக்குப் போகவேண்டும் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டான். இப்படியே இரண்டு பேருக்கும் ஒன்றிரண்டு முடி நரைக்கத் தொடங்கியது. லோகேஸ்வரனின் வீட்டில் பிள்ளை இல்லையே, அழுகை எப்படி வருகிறது என்று அந்த அடுக்குமாடியில் இப்போது யாரும் கேட்பதில்லை. தண்ணீர்க் குழாய் இரைவதைப்போல அதுவும் ஒரு சத்தம்.

தமிழ்ப்பள்ளியில் சேர்த்த அன்று, வகுப்பு வாசலில் சாதனா அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். மற்ற பிள்ளைகள் போட்ட கூச்சலில் அவள் மட்டும் ஊமைப்படம் மாதிரி நின்றாள். கண்மணியின் போன் அடித்தது. "அழுவுறா" என்றான் லோகேஸ்வரன், தூக்கக் குரலில். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." "பெரிசா அழுவுறா." "எப்படி இருக்கு?" அவன் யோசித்தான். "மொதல்ல உன்னக் கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. இப்ப என்னக் கூப்பிடுறா." ஆசிரியை வந்து பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். ஜன்னல் வழியாகக் கண்மணி பார்த்துக்கொண்டே நின்றாள். "நின்னுருச்சு" என்றான் அவன். "ஆமாங்க, வாய மூடிட்டா" என்றாள் அவள். அவன் தூங்கப் போனான். அவள் தையற்கடைக்குப் போனாள்.